ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்காத சொட்டு

எட்டு வருடமாகச் சத்யப்பிரியாவை எதிரில் பார்க்கிற எல்லோருக்கும் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. "முடிஞ்சிருச்சா?" ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பால்கோவாக் கடைக்காரர் கேட்டார். சி.ஆர்.பி.எஃப்.பில் சேர்ந்து மணிப்பூரில் கிடக்கும் கணவன் ராம்கி, போனில் டவர் கிடைக்கும்போதெல்லாம் கேட்டான். கான்சாபுரத்து மாமியார் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் "சரி விடு" என்று தானே முடித்துக்கொள்வாள். வீட்டில் ஆறாவது படிக்கும் மகள் மட்டும்தான் கேட்டதில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா பிஎச்.டி. படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். சில வீட்டு அம்மாக்கள் மில்லுக்குப் போகிறார்கள், நம் வீட்டு அம்மா பிஎச்.டி.க்குப் போகிறாள் என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தது.

முதல் மூன்று வருடம் அந்தக் கேள்விக்குச் சத்யா விளக்கமாகப் பதில் சொன்னாள். அடுத்த மூன்று வருடம் சிரித்து வைத்தாள். இப்போது "மார்ச் முப்பத்தொண்ணு" என்று மட்டும் சொல்கிறாள். அதுதான் கடைசித் தேதி. இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. அன்றைக்குள் தீசிஸ் உள்ளே போகாவிட்டால் பதிவு ரத்தாகும். பதிவு ரத்தானால், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் மெயின் ரோட்டின் மேல் இருக்கும் அந்தத் தனியார் கல்லூரியில், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி பிராக்டிகல் எடுக்கும் வேலையும் ஜூனோடு போய்விடும்.

அவள் ஆராய்ச்சி செய்தது ஒரு சொட்டு உலோகத்தை. காலியம், இண்டியம் என்று இரண்டு உலோகங்கள். சேர்த்து உருக்கிவிட்டால் அதற்குப் பிறகு உறையாது. நம் ஊர் வெயிலுக்கு என்ன, மார்கழிப் பனிக்கும் தண்ணீராகவே கிடக்கும். பார்த்தால் பாதரசம்தான், பாதரசத்தின் விஷம் மட்டும் இல்லை. இதில் ஒரு சொட்டை எடுத்து, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் விட்டு, நகக்கண் அளவு அலுமினியத் தாளைப் பக்கத்தில் வைத்தால், சொட்டு அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு அதன் ஒரு பக்கத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வரும். குமிழி வர வர சொட்டு ஓட ஆரம்பிக்கும். கட்டி இழுக்கிற கயிறு இல்லை, மோட்டார் இல்லை, தானாக ஓடும். தாள் கரைந்து தீர்ந்ததும் நின்றுவிடும்.

இதைக் கண்டுபிடித்தது சத்யா இல்லை. உலகத்தில் வேறு லேப்களிலும் இப்படிச் சொட்டுகள் ஓடுகின்றன. அவளும் அவளுடைய கைடு சௌந்தரபாண்டியன் சாரும் அதற்கு மேல் ஒரு படி போனார்கள். அக்ரிலிக் தட்டில் வட்டமாக ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். வாய்க்காலின் ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் தலைமுடி கனத்தில் இரண்டு கம்பிகள். ஓடி வரும் சொட்டு ஓரமாக ஒதுங்கி இரண்டு கம்பியையும் ஒன்றாகத் தொட்டுவிட்டால் கரண்ட் பாயும், 'டிங்' என்று ஒரு சத்தம் வரும், மேலே ஒரு சின்னச் சக்கரம் சுற்றி ஒரு துண்டு அலுமினியத் தாளைக் கீழே போடும். மணியடித்தால் சோறு. அடிக்காத சொட்டு பட்டினி கிடந்து நிற்க வேண்டியதுதான். இப்படி எட்டுத் தட்டு, எட்டுச் சொட்டு. போன ஜூலையில் ஓடவிட்டார்கள்.

போகப்போகச் சொட்டுகள் அதிகமாக மணியடித்தன. ஓடிய தடத்தில் மெல்லிய படலம் படிந்து, போன வழியே மறுபடி போவது சுலபமாகிறது என்று சத்யா எழுதினாள். அதாவது, ஞாபகத்துக்குத் தலை வேண்டியதில்லை, தரை போதும். சௌந்தரபாண்டியன் சார் கருத்தரங்குகளில் இதை வேறு மாதிரிக் கேட்பார். "யோசிக்கறதுக்குச் சிலிக்கான் சிப்தான் வேணும்னு யார் சொன்னா? உயிருக்குக் கரியும் புரதமும்தான் வேணும்னு யார் சொன்னா?" எதிரில் இருப்பவர்கள் மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு கைதட்டுவார்கள்.

ஆனால் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொன்று. நின்றுபோன சொட்டுகள் எழுந்தன. ஒரு நாள், இரண்டு நாள் அசையாமல் கிடந்தது, மேலிருந்து தாள் எதுவும் விழாமலே திடீரென்று ஓடிப்போய் மணியடித்தது. ஏழு மாதத்தில் நூற்றுப் பதினேழு தடவை. சார் அதற்கு 'மறுஎழுச்சி' என்று பெயர் வைத்தார். தீசிஸின் ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அதுதான். மற்ற நான்கு அத்தியாயமும் அதற்குப் போட்ட பந்தல். எழுவதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்பது ஒரு குறை. தட்டுகளுக்கு மேல் வைத்த கேமரா, காஸ்டிக் ஆவி பட்டு வந்த வாரமே குருடாகிவிட்டது. புதிது கேட்டு எழுதிய கடிதம் ஆபீசில் தூங்குகிறது. மணியடித்த நேரத்தைக் கம்ப்யூட்டர் பதிகிறதே, அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

மார்ச் முதல் வாரத்துச் சனிக்கிழமை சாயங்காலம், பின்னிணைப்புக்காக அந்த நூற்றுப் பதினேழு நேரங்களையும் சத்யா வரிசையாக அடித்துக்கொண்டிருந்தாள். முதுகு வலித்தது. கண் எரிந்தது. பன்னிரண்டு ஐம்பத்தாறு. ஒன்று நாலு. பன்னிரண்டு ஐம்பத்தொன்பது. ஒன்று பத்து. நாற்பதாவது வரியில்தான் அவளுக்கு உறைத்தது. விரல் இதுவரை காலை பத்து என்று அடிக்கவில்லை, மாலை நாலு என்று அடிக்கவில்லை. எல்லாமே மதியம் முக்கால் மணி நேரத்துக்குள் கிடந்தன.

முதலில் சமாதானம்தான் தோன்றியது. மதியம் பன்னிரண்டரைக்கு ஏசியை ஒரு மணி நேரம் அணைப்பார்கள். ரூம் சூடாகியிருக்கும், சூட்டில் சொட்டு எழுந்திருக்கும். நல்லது, இதையும் ஒரு பத்தி எழுதலாம். அப்படியே பக்கத்தில் கிழமையையும் சேர்த்துப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. இரண்டாம் சனிக்கிழமை இல்லை. பொங்கலுக்கு நாலு நாள் எட்டுச் சொட்டும் சேர்ந்தாற்போலக் கிடந்திருக்கின்றன. லீவு முடிந்த அன்று மதியம் எட்டும் எழுந்திருக்கின்றன. கடைசியாக ஜூலை மாதத்துக்குப் போனாள். ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விட்ட திங்கட்கிழமை. அன்றைக்கும் ஒன்றும் எழவில்லை.

உலகத்தில் எந்த உலோகத்துக்கும் ஆண்டாள் கோவில் தேரோட்டம் தெரிந்திருக்க நியாயமில்லை. சத்யாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆளில்லாத லேப்பில் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கம்ப்யூட்டரை அணைத்தாள். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போய், மகளுக்குத் தோசை சுட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

மதியம் பதினொன்றரை முதல் ஒன்றரை வரை சத்யாவுக்குக் கீழ்த்தளத்தில் பிராக்டிகல் வகுப்பு. அந்த நேரத்தில் லேப்பில் இருக்கக்கூடிய ஒரே ஆள் அட்டெண்டர் வெள்ளத்தாய். ஐம்பது தாண்டியவள். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் இருபது வருடம், காஸ்டிக் தண்ணீரில் துணி வேகவைக்கும் கொப்பரையடியில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவள். முழங்கையில் ஒரு பெரிய தழும்பு அதற்குச் சாட்சி. காஸ்டிக்கின் வீரியம் குறைந்திருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பதற்கு முன் அவளைக் கேட்டால் சொல்லிவிடுவாள். சத்யா அவளை அக்கா என்பாள். அவள் சத்யாவை மேடம் என்பாள், மனசு இளகினால் தாயி என்பாள். இந்த எட்டு வருடத்தில் "முடிஞ்சிருச்சா" என்று கேட்காதவர்களில் மகளுக்கு அடுத்தபடி அவள்தான்.

திங்கட்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு, பிள்ளைகளைச் சும்மா உட்காரச் சொல்லிவிட்டு, சத்யா மாடியேறி லேப் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வெள்ளத்தாய் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நின்றிருந்தாள். கையைக் கழுவினாள். கிளவுஸ் மாட்டினாள். டப்பாவைத் திறந்து, நறுக்கி வைத்த அலுமினியத் தாளில் ஒரு துண்டை இடுக்கியால் எடுத்தாள். தட்டுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்து, மூன்றாம் தட்டில் ஒரு துண்டு வைத்தாள். ஆறாம் தட்டில் ஒரு துண்டு வைத்தாள். சொட்டு அதை எடுத்துக்கொள்கிறதா என்று செத்த நேரம் நின்று பார்த்தாள். பிறகு கிளவுஸைக் கழற்றி, மறுபடி கையைக் கழுவி, மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தன் தூக்குச் சட்டியைத் திறந்தாள்.

சத்யா கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

"வாங்க மேடம். கிளாஸ் சீக்கிரம் விட்டாச்சா?" வெள்ளத்தாயின் முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை.

"என்னக்கா செய்றீங்க?"

"மூணும் ஆறும் காலையில இருந்து அசையல. அதான் ஒரு துண்டு வச்சேன்."

"எத்தனை நாளா வைக்கிறீங்க?"

"மொதல்ல இருந்தேதான்." வெள்ளத்தாய் சட்டி மூடியை மடியில் வைத்துக்கொண்டாள். "வீட்டுல காக்காய்க்கு வைக்காம நான் ஒரு வாய் சாப்பிட்டதில்ல மேடம். கம்பெனியில இருந்தப்பவும் மதில் மேல ஒரு உருண்ட வச்சிட்டுத்தான் உக்காருவேன். இங்க ஏசி ரூம்னு சன்னலெல்லாம் அடச்சுப் போட்டாச்சு. காக்கா எங்கிட்டு வரும்? சரி, இங்ஙனயே ஒண்ணு பசியோட கெடக்கே, அதுக்கு வச்சிட்டுச் சாப்பிடுவோம்னு ஆரம்பிச்சேன். ஓடுறதுக்கு வைக்க மாட்டேன். நின்னு கெடக்குறதுக்கு மட்டுந்தான்."

"தட்டைத் தொடக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கே, அக்கா."

"தொடல தாயி. இடுக்கியிலதான வச்சேன். காஸ்டிக்குல கைய விட எனக்கென்ன பைத்தியமா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"இதச் சொல்லணுமா?" வெள்ளத்தாய்க்கு உண்மையாகவே புரியவில்லை. "மொத நாளு நீங்கதான இடுக்கிய எங் கையில குடுத்து வைக்கச் சொன்னீய. 'பாருங்கக்கா, எம்புட்டு அழகாச் சாப்பிடுது'ன்னு சொன்னீயளே. பொறவு, 'இன்னைக்கி அஞ்சு பட்டினி', 'ரெண்டு செத்துருச்சு'ன்னு தெனமும் சொல்லுவீய. எனக்கு மனசு கேக்கல."

சத்யாவுக்குக் கோபம் வந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரையாவது திட்டியாவது தீர்த்திருக்கலாம். கோபம் வரவில்லை. சாப்பிடுது, பசிக்குது, செத்துருச்சு, பிழைச்சுக்கிச்சு என்று இந்த ரூமில் ஏழு மாதமாகச் சொன்னது அவள்தான். அவளுக்கு அது சாரிடமிருந்து வந்தது. சாருக்குக் கட்டுரைகளிலிருந்து வந்தது. அவர்கள் யாரும் அந்தச் சொற்களை நம்பவில்லை, நிதி கேட்கவும் மேடையில் பேசவும் வைத்துக்கொண்டார்கள். நம்பி, அதற்கு உண்டானதைச் செய்தது வெள்ளத்தாய் ஒருத்திதான்.

"சாப்பிடுங்கக்கா," என்று சொல்லிவிட்டுச் சத்யா வகுப்புக்குத் திரும்பினாள். பிள்ளைகள் பியூரெட்டில் கலர் தண்ணீர் விட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அதட்டக்கூடத் தெம்பில்லை.

சௌந்தரபாண்டியன் சாருக்கு மே மாதம் ரிட்டயர்மெண்ட். அவர் ரூமில் பாதி அலமாரி ஏற்கெனவே காலியாகிவிட்டது. சத்யா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அவருக்கும் ஆடிப்பூரத்தில் சிரிப்பு வந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"ரூமைப் பூட்டும்மா," என்றார். "பத்து நாள். ஏசி எப்பவும் போல ஓடட்டும், மத்தியானம் எப்பவும் போல அணைக்கட்டும். அந்தம்மாவைக் கீழே கிளாஸ்வேர் கழுவப் போடு. நீயும் பார்க்கறதோட சரி, கை வைக்காதே. தானா எழுந்தா நம்ம நல்ல நேரம்."

செவ்வாய்க்கிழமை பூட்டினார்கள். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் ஐந்து சொட்டு நின்றது. வியாழக்கிழமை இன்னும் இரண்டு. நாலாம் தட்டு மட்டும் வெள்ளிக்கிழமை காலை வரை தாக்குப் பிடித்து, ஒரு மணியடித்து, அந்தத் துண்டும் கரைந்த பிறகு வாய்க்காலின் வளைவில் ஒதுங்கி நின்றுவிட்டது. சத்யா தினமும் பன்னிரண்டரைக்கு வகுப்பை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வந்து தட்டுகளுக்கு முன்னால் நின்றாள். ஏசி அணையும். ரூம் சூடேறும். கழுத்தில் வியர்வை இறங்கும். எட்டு வெள்ளி உருண்டையும் அப்படியே கிடக்கும். ஆறாம் நாள் ஆண்டாளை வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டதற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பத்து நாளில் ஒன்றும் எழவில்லை. மறுஎழுச்சி இல்லை என்பதோடு போகவில்லை, மணியடிக்கப் பழகியது என்பதும் போனது. வெள்ளத்தாய் எழுப்பிவிட எழுப்பிவிடத்தான் அவை அத்தனை நாள் ஓடியிருக்கின்றன, ஓடிய ஓட்டத்தில் மணிப்பக்கம் போயிருக்கின்றன. பட்டினியில் விட்டால் மூன்று நாள், அவ்வளவுதான் அவற்றின் ஆயுள்.

இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை சார் கூப்பிட்டனுப்பினார். அவர் முகம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

"இந்தப் பத்து நாள் கணக்கு உனக்கும் எனக்கும் தெரியும். வேற யாருக்கும் தெரிய வேண்டாம்," என்றார். "நீ ஏசின்னு ஒரு பத்தி எழுதலாம்னு நினைச்சேன்னு சொன்னியே, அதை நல்லா எழுது. மத்தியானம் ஏசி அணைக்கிறாங்க, சூட்டுல எழுந்திருக்குது. ஞாயித்துக்கிழமையும் லீவு நாள்லயும் ஏசி போடவே ஆளில்லை, ஏத்த எறக்கம் இல்லை, எழுந்திருக்கலை. ஆடிப்பூரம் வரைக்கும் பொருந்துதும்மா. ஏசி அணைக்கிறது பொய்யா? இல்லையே."

"எக்ஸாமினர் கேட்டா? அந்த நேரத்துல ரூம்ல யாருமே இல்லையான்னு கேட்டா?"

"கேப்பார். அதுக்குத்தான் அந்தம்மாகிட்ட ஒரு லெட்டர் வாங்கிக்கோ. மத்தியானம் பன்னிரண்டரையில இருந்து ஒன்றரை வரைக்கும் கேண்டீன்ல இருப்பேன், லேப் பூட்டியிருக்கும்னு ரெண்டு வரி. பின்னிணைப்புல சேர்த்துருவோம்."

சார் குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மாவுக்கும் அதுதாம்மா நல்லது. அட்டெண்டர் ஒருத்தி ஏழு மாச ஆராய்ச்சியைக் கெடுத்துட்டான்னு மேனேஜ்மெண்ட்டுக்குத் தெரிஞ்சா, அன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கிருவாங்க. உனக்கும் வேலை போகும். எனக்கென்ன, நான் மே மாசம் போறவன்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் முடியலைம்மா," என்றார். அது நடிப்பில்லை.

சத்யா அந்த இரண்டு வரியை டைப் செய்தாள். இரண்டு வரிதான், மூன்று தடவை தப்பு விட்டாள். மனச்சாட்சி, நேர்மை என்றெல்லாம் அவள் அப்போது யோசித்தாள் என்று சொன்னால் அது பொய். பதினொரு நாளில் இது தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்கத் தூங்கலாம் என்றுதான் யோசித்தாள்.

வெள்ளத்தாய் இப்போது மதியச் சாப்பாட்டை ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்து நிழலில் வைத்துக்கொள்கிறாள். அன்றைக்கும் வகுப்பை ஒப்படைத்துவிட்டுச் சத்யா போனபோது மதில் மேல் ஒரு சோற்றுருண்டை இருந்தது, ஒரு காக்கை அதைக் கொத்திக்கொண்டிருந்தது. வெள்ளத்தாய் அப்போதுதான் புளிக்குழம்பை ஊற்றிப் பிசைந்து, முதல் வாய்க்குக் கையை எடுத்தாள். சத்யாவைப் பார்த்ததும் கையைச் சட்டியிலேயே வழித்துவிட்டு, செம்புத் தண்ணீரில் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு கையெழுத்து வேணும்க்கா."

"எங்க போடணும்?"

"படிச்சுப் பாருங்க."

"நீங்க எழுதுனத நான் என்னத்தப் படிக்க." பேனாவை வாங்கி, தூக்குச் சட்டி மூடியின் முதுகில் தாளை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்துப் புள்ளிகளைச் சரிபார்த்துவிட்டு நீட்டினாள். "இது போட்டா ஒங்க படிப்பு முடிஞ்சிருமா தாயி?"

"முடிஞ்சிரும்க்கா."

"முடியட்டும். முகமே கறுத்துப்போச்சு ஒங்களுக்கு." பிறகு, கேட்கலாமா என்று தயங்கிக் கேட்டாள். "அப்ப இந்தப் பத்து நாளா அதுகளுக்கு யாரு வைக்கிறா?"

"யாரும் வைக்கலக்கா."

"நீங்க வைக்கலயா?"

"வைக்கக் கூடாது. அதான் சோதனை."

"எட்டுமா நின்னுபோச்சு?"

"எட்டும்தான்."

"நாலாம் நம்பருமா?"

சத்யா தலையை ஆட்டினாள். வெள்ளத்தாய் பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடியை எடுத்துச் சட்டியை மூடினாள். "சரி, போங்க மேடம். ஒங்களுக்கு நேரமாச்சு," என்றாள். அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் சத்யாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

லேப்புக்கு வந்து, கையெழுத்துப் போட்ட தாளை மேஜையில் வைத்துவிட்டு, தன் டிபன் பாக்ஸைத் திறந்தாள். எலுமிச்சம்பழச் சோறு. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து கிளறியது. ஒரு வாய் எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். இறங்கவில்லை.

எதிரில் இருப்பது காலியம். முக்கால் பங்கு காலியம், கால் பங்கு இண்டியம். அது ஓடுவது பரப்பு இழுவிசை மாறுவதால், வருகிற குமிழி ஹைட்ரஜன். இவ்வளவையும் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சமன்பாட்டோடு சொல்லத் தெரியும். அதற்குப் பசி கிடையாது. அதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சோறு இறங்கவில்லை. கீழே ஒருத்தி சட்டியை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து போய்க் கையைக் கழுவினாள். கிளவுஸ் மாட்டினாள். இடுக்கியால் ஒரு துண்டு எடுத்து நாலாம் தட்டில் வைத்தாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. தாளின் ஓரம் மெல்ல மங்கியது. பிறகு சொட்டின் வயிறு லேசாக நெளிந்தது, ஒரு குமிழி வந்தது, அப்புறம் பத்து. சொட்டு நகர்ந்தது. வளைவில் முட்டித் திரும்பி, வாய்க்காலைச் சுற்றி ஒரு முழுச் சுற்று வந்தது. கம்பிகளைத் தொடாமல் தாண்டிப் போனது. இரண்டாம் சுற்றிலும் தாண்டிப் போனது. மூன்றாவது சுற்றில் ஓரமாக ஒதுங்கி, இரண்டு கம்பியையும் ஒன்றாகத் தொட்டது. 'டிங்' என்றது. சக்கரம் சுற்றி ஒரு துண்டு விழுந்தது. கம்ப்யூட்டர் நேரத்தைப் பதிந்தது. ஒன்று ஆறு.

சத்யாவுக்கு அழுகை வந்தது. யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதாள். எட்டு வருடம் போச்சே என்று அழுதாள். மகளிடமும் ராம்கியிடமும் என்ன சொல்வது என்று அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, லேப் ரிஜிஸ்டரை எடுத்து அன்றைய தேதியில் எழுதினாள்: 'நாலாம் தட்டு. கையால் வைத்தது: சத்யப்பிரியா.' பிறகு ஜூலை மாதத்துப் பக்கத்துக்குப் போய், மறுஎழுச்சி என்று அவளே சிவப்பு மையில் எழுதியிருந்த முதல் இடத்தில் அந்தச் சொல்லை அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: 'கையால் வைத்தது: வெள்ளத்தாய். வைக்கச் சொன்னது: சத்யப்பிரியா.' அது பொய்யில்லை. முதல் நாள் இடுக்கியைக் கையில் கொடுத்தது அவள்தான். பக்கத்துக்குப் பக்கம் அதையே எழுதிக்கொண்டு போனாள்.

இருபதாவது இடத்தில் இருந்தபோது போன் அடித்தது. சார்.

"கையெழுத்து வாங்கியாச்சாம்மா?"

"வாங்கிட்டேன் சார். ஆனா அதைச் சேர்க்கப் போறதில்லை. நான் வைக்கச் சொல்லித்தான் அக்கா வச்சாங்கன்னு ரிஜிஸ்டர்ல எழுதிட்டிருக்கேன். தப்பு என்மேலதான்."

"அப்ப முப்பத்தொண்ணு?" என்றார் சார்.

"முடியாது சார்."

சார் பெருமூச்சு விட்டார். திட்டவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"இனிமேதான் சார்."

லெட்டரை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். லேப் கதவை அகலத் திறந்து கல்லை அண்டக் கொடுத்தாள். வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தால் ஜெனரேட்டர் ஷெட் தெரியும். வெள்ளத்தாய் இன்னும் அங்கேயேதான், மூடிய சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா!" சத்யா கூப்பிட்டாள். "சட்டிய எடுத்துக்கிட்டு மேல வாங்க. நாலாம் நம்பர் ஓடுது."

வெள்ளத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். "வச்சீயளா?"

"வச்சேன்."

அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மாடியேறி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். நாலாம் தட்டைக் குனிந்து பார்த்தாள். கையைக் கழுவி, கிளவுஸ் மாட்டி, மற்ற ஏழு தட்டுக்கும் ஒவ்வொரு துண்டு வைத்தாள். ஏழும் அசைகிற வரைக்கும் இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள்.